காட்டுப்பூக்களுக்குத் தாவரவியல் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

முற்றத்தில் முளைக்கும் களைகளைப் பற்றி உங்கள் தோட்டப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். மில்க்வீட்டைக் கண்டால் வேரோடு பிடுங்கி எறியுங்கள், கோல்டன்ரொட் வீட்டுப் பக்கமே வேண்டாம், ஓகஸ்ட் மாதத்துத் தும்மலுக்கு அதுதான் காரணம், இவற்றுக்குப் பதிலாகக் கடையில் காட்டுப்பூ விதை என்று விற்கும் பொதி ஒன்றை வாங்கித் தூவிவிடுங்கள் என்று அதில் இருந்தது. மூன்றும் பிழையான அறிவுரை, அதுவும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போகிற ஒரு பத்திரிகையில்.

எழுதியவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. இங்குள்ள ஆங்கிலப் பத்திரிகைகளும் நீண்ட காலம் இதையேதான் எழுதின. ஆனால் மூன்று பிழைக்கும் வேர் ஒன்றுதான். செடியைப் பார்க்காமல் அதன் புழக்கப் பெயரைப் பார்த்து முடிவெடுத்திருக்கிறார்கள். அதனால் என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவின் காட்டுப்பூ எதைப் பற்றி எழுதினாலும், புழக்கப் பெயருக்குப் பக்கத்தில் தாவரவியல் பெயரையும் தமிழ் எழுத்தில் போடுங்கள். இரண்டே சொற்கள்தான். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதை விளக்க மட்டும் கொஞ்சம் இடம் வேண்டும், வெட்டாமல் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

மில்க்வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். பெயரின் பின்னால் வீட் என்று இருப்பதால் களை என்று எடுத்துக்கொண்டார்கள். உங்கள் கட்டுரையாளர் மட்டும் இல்லை, ஒன்ராறியோ அரசே 2014 வரை அதைத் தீங்கான களைகளின் பட்டியலில் வைத்திருந்தது, கால்நடைகள் தின்றால் அவற்றுக்கு நஞ்சு என்ற காரணத்தால். 2014இல் அதைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். எடுத்ததற்குக் காரணம் மொனார்க் வண்ணத்துப்பூச்சி. அதன் புழு மில்க்வீட் இனங்களின் இலையைத் தவிர வேறு எதையும் தின்று வளராது. நீங்கள் எவ்வளவு அழகான பூந்தோட்டம் வைத்தாலும் சரி, தேன் குடிக்க வரும், குடித்துவிட்டுப் போகும், இந்தச் செடி இல்லாவிட்டால் அங்கே ஒரு தலைமுறை உருவாகாது. கோடை முடிவில் இங்கே கூட்டிலிருந்து வெளிவரும் மொனார்க்குகள்தான் எரீ ஏரிக்கரையில் பொயின்ட் பீலீ முனையில் கூடி, அங்கிருந்து மெக்சிக்கோவின் மத்திய மலைக்காடுகள் வரை பறந்து போகின்றன. அந்தக் காடுகளில் மரங்களை மூடிக்கொண்டு அவை குளிர்காலத்தைக் கழிக்கும் பரப்பை ஆண்டுதோறும் அளக்கிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் அது 18 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. 2013-14இல் 0.67 ஹெக்டேர். நடுவில் சில ஆண்டுகள் கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது, ஆனால் பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. 2023இன் கடைசியில் கனடா இதை அழியும் நிலையில் உள்ள இனமாகச் சட்டப்படி அறிவித்தது. இந்த நிலையில் மில்க்வீட்டைப் பிடுங்கச் சொல்லி ஒரு தமிழ்ப் பத்திரிகை எழுதலாமா?

நம்மவர்களுக்கு இந்தச் செடியை அறிமுகப்படுத்துவது உண்மையில் மிகவும் சுலபம். எருக்கலையின் நெருங்கிய சொந்தம் இது, ஒரே குடும்பம். இலையைக் கிள்ளினால் அதே வெள்ளைப் பால், அதே மாதிரி வெடிக்கும் காய், உள்ளே பஞ்சு கட்டிய விதை. எருக்கலைப் பால் கண்ணில் படக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோமே, அதே எச்சரிக்கை இதற்கும் பொருந்தும், கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்கக்கூடாது. அந்தப் பஞ்சுக்கு ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜாவாவிலிருந்து வந்துகொண்டிருந்த இலவம்பஞ்சு நின்றுபோனபோது, கடற்படையினரின் மிதவை அங்கிகளுக்கு மில்க்வீட் பஞ்சை அடைத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வயலோரங்களில் சாக்குச் சாக்காகக் காய் பொறுக்கினார்கள். இரண்டு பை காய் ஓர் உயிரைக் காக்கும் என்பதுதான் அப்போது அவர்களுக்குச் சொல்லப்பட்ட வாசகம்.

ஜூலையில் ஒரு செடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பாருங்கள். வளர்ந்த புழு நேராக இலையைத் தின்னத் தொடங்காது. முதலில் இலைக்காம்புக்குப் பக்கமாக நடு நரம்பைக் கடித்து ஒரு வெட்டு வைக்கும். பால் அங்கேயே வடிந்து நின்றுவிடும், இலை தொய்ந்து கீழே தொங்கும். அப்புறம்தான் நுனிப்பக்கம் போய் ஆற அமரத் தின்னும். அந்தப் பாலில் ஒட்டிக்கொண்டால் சின்னப் புழுக்கள் செத்தே போகும், அதனால்தான் இவ்வளவு கவனம். இலையில் உள்ள நஞ்சு புழுவின் உடம்பில் சேர்ந்து பூச்சியிலும் தங்கிவிடுவதால் பறவைகள் அதைத் தொடத் தயங்குகின்றன.

சரி, மில்க்வீட் நல்லது என்று ஒத்துக்கொண்டாயிற்று, கடைக்குப் போகிறீர்கள். எந்த மில்க்வீட்? இங்கேதான் தாவரவியல் பெயர் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. வயலோரத்தில் உயரமாக வளர்வது அஸ்க்லீபியஸ் சிரியாக்கா. அதன் வேர் மண்ணுக்கடியில் ஓடி ஓடி முளைவிடும், வரிசை வீடுகளின் சின்னஞ்சிறு முற்றத்தில் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைதான் வரும். சின்ன இடத்துக்கு ஏற்றது அஸ்க்லீபியஸ் இன்கார்னாட்டா. அது ஒரே தூராக நிற்கும், இளஞ்சிவப்புப் பூ, வனிலா போன்ற மெல்லிய வாசம். ஆனால் அதன் புழக்கப் பெயர் ஸ்வாம்ப் மில்க்வீட், சதுப்பு நிலத்துச் செடியாக்கும் என்று பலர் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். காய்ந்து வெடிக்காத சாதாரணத் தோட்ட மண்ணே அதற்குப் போதும். மூன்றாவது அஸ்க்லீபியஸ் டியூபரோசா, செம்மஞ்சள் பூ, மணல் கலந்த வரண்ட மண், முழு வெயில். இதன் பெயர் பட்டர்பிளை வீட். மில்க்வீட் குடும்பமாக இருந்தும் இதன் தண்டில் வெள்ளைப் பால் வராது, அதனால் பாலைப் பார்த்து அடையாளம் காண்கிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள். இன்னொன்று, இது வசந்தத்தில் மிகவும் பிந்தித்தான் முளைக்கும். மே மாதம் நடுப்பகுதியிலும் மண் வெறுமையாகக் கிடந்தால் செத்துவிட்டது என்று தோண்டிவிடாதீர்கள். இவற்றோடு கடைகளில் அஸ்க்லீபியஸ் குராசாவிக்கா என்றொன்றும் மில்க்வீட் என்ற அதே பெயரில் விற்கிறது. அது வெப்ப மண்டலச் செடி, இங்கே முதல் உறைபனியோடு முடிந்துவிடும். உறைபனி இல்லாத அமெரிக்கத் தென் மாநிலங்களில் அது ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்பதால் மொனார்க்கைத் தாக்கும் ஒட்டுண்ணி அதன் இலைகளில் பெருகுகிறது. புளோரிடாவிலோ டெக்சாசிலோ உறவினர் உள்ளவர்கள் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

2014இல் மில்க்வீட்டை எடுத்த அதே கையோடு அரசு பட்டியலில் சேர்த்த கொடி ஒன்று இருக்கிறது. ஒன்ராறியோவில் அதை டோக் ஸ்ட்ராங்லிங் வைன் என்கிறார்கள், நாயைக் கழுத்து நெரிக்கும் கொடி. அது எந்த நாயையும் நெரிப்பதில்லை, அது நெரிப்பது காட்டின் அடியில் முளைக்கும் கன்றுகளையும் பூக்களையும். ஸ்காபரோ பக்கம் ரூஜ் பள்ளத்தாக்கில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சில இடங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் அது மட்டும்தான். உக்ரைன், ரஷ்யப் பகுதியிலிருந்து வந்தது. மில்க்வீட்டின் குடும்பம்தான் இதுவும், அதனால் மொனார்க் சில வேளை ஏமாந்து இதில் முட்டையிடும், பொரித்த புழுக்கள் பிழைப்பதில்லை. இதே செடிக்கு அமெரிக்காவில் பேல் ஸ்வாலோவோர்ட் என்று பெயர். நியூயோர்க்கில் வந்த ஒரு கட்டுரையையும் ரொறன்ரோவில் வந்த ஒரு கட்டுரையையும் பக்கத்தில் வைத்துப் படித்தாலும் இரண்டும் ஒரே செடியைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியவராது, வின்செடொக்சிக்கம் ரொசிக்கம் என்ற பெயர் இரண்டிலும் இருந்தால் ஒழிய.

அடுத்தது கோல்டன்ரொட், அதாவது சொலிடாகோ. இந்தச் செடிக்கு நடந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் பொறுக்காது. அது பூக்கும் அதே நாட்களில், அதே வேலியோரத்தில், ராக்வீட் என்ற இன்னொரு செடியும் பூக்கிறது, அம்ப்ரோசியா ஆர்ட்டெமிசிஃபோலியா. ராக்வீட்டின் பூ பச்சை நிறம், கண்ணிலேயே படாது, மகரந்தம் காற்றில் பறக்கும். கோல்டன்ரொட்டின் பூ தங்க மஞ்சள், அரை மைல் தூரத்திலிருந்தே தெரியும், ஆனால் அதன் மகரந்தம் கனமானது, ஒட்டக்கூடியது, பூச்சிகளின் உடம்பில் ஏறித்தான் ஊர் போகும். மூக்கு அடைத்துக்கொண்டு வெளியே பார்க்கிறவர் கண்ணுக்கு மஞ்சள்தான் தெரிகிறது, பழி அதன் தலையில். ராக்வீட்டை அடையாளம் காண்பது கடினமில்லை, இலை நுணுக்கமாக வெட்டி வெட்டி இருக்கும், கிளை நுனிகளில் பச்சை மொட்டுகள் கவிழ்ந்தபடி வரிசையாக நிற்கும். பிடுங்க வேண்டியது அதைத்தான், ஒன்ராறியோவின் களைப் பட்டியலிலும் அது இருக்கிறது.

கோல்டன்ரொட்டைப் பிடுங்கினால் என்ன போகும் என்பதையும் சொல்ல வேண்டும். செப்டம்பரில் மற்றப் பூக்கள் ஓய்ந்தபின், குளிர்காலத்துக்கு முன் கடைசியாகத் தேன் சேர்க்கும் வண்டுத்தேனீ ராணிகளுக்கும் தெற்கே புறப்படும் மொனார்க்குகளுக்கும் இதுதான் முக்கியமான உணவு. செடிகளின் நடுத்தண்டைப் பார்த்தீர்களானால் சிலவற்றில் உருண்டையாக ஒரு வீக்கம் இருக்கும். ஒரு சின்ன ஈ அங்கே முட்டையிட, புழு உள்ளே இருந்து தின்னத் தின்னச் செடியே அதைச் சுற்றிக் கட்டிக்கொடுக்கும் வீடு அது. ஜனவரிக் குளிரில் அந்தப் புழு கட்டியாக உறைந்தும் சாகாமல் கிடக்கும். சிக்கடீ குருவிகளும் சின்ன மரங்கொத்திகளும் அந்த உருண்டையைக் கொத்தித் துளைத்து அதை எடுத்துத் தின்னும். இலையுதிர் காலத்தில் தோட்டத்தைத் துப்புரவாக்குகிறேன் என்று காய்ந்த தண்டுகளை வெட்டிக் குப்பைப் பையில் கட்டி வைக்கிறவர்கள் தயவுசெய்து இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காகக் கண்ட கோல்டன்ரொட்டையும் வைக்கச் சொல்லவில்லை. ஒன்ராறியோவில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே பெயரில்தான் அழைக்கிறார்கள். வீதியோரத்தில் காடாக நிற்பது பெரும்பாலும் சொலிடாகோ கனடென்சிஸ், அது வேரால் பரவும், சின்னத் தோட்டத்தை ஒரு சில ஆண்டுகளில் பிடித்துவிடும். அதே செடி சீனாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய் அங்கே பெரிய தொல்லையாகிவிட்டது. வீட்டுக்கு வேண்டுமானால் மர நிழலில் சொலிடாகோ ஃபிளெக்சிகாலிஸ் வையுங்கள், அடக்கமாக நிற்கும்.

விதைப் பொதி விஷயம் இன்னும் மோசம். பொதியின் முன்பக்கத்தில் காட்டுப்பூ என்று பெரிதாகப் போட்டு மலைப்புல்வெளிப் படமும் இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கோர்ன்ஃபிளவர், சிவப்புப் பொப்பி, ஒக்ஸ் ஐ டெய்சி, டேம்ஸ் ரொக்கெட், இப்படி இருக்கும். இவை காட்டுப்பூக்கள்தான், ஆனால் ஐரோப்பாவின் காட்டுப்பூக்கள். இவற்றில் டேம்ஸ் ரொக்கெட் இங்கே ஆற்றங்கரைக் காடுகளுக்குள் புகுந்து, அங்கே இயல்பாகப் பூக்க வேண்டியவற்றின் இடத்தைப் பிடிக்கிறது. குயீன் ஆன்ஸ் லேஸ் என்று வீதியோரமெல்லாம் வெள்ளைக் குடை பிடித்து நிற்கிறதே, கனடாவின் பூ என்று பலர் படமெடுத்துப் போடுகிறார்கள், அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்த காட்டுக் கரட்தான். சிக்கரியும் அப்படியே. பொதியில் தாவரவியல் பெயர் எதுவுமே அச்சிடப்படாவிட்டால் அதை வாங்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க உங்களுக்கு வேறு வழி இல்லை.

ஒரே பெயரில் இரண்டு செடி இருப்பதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்து. ஜெரேனியம் என்று கேட்டால் கடையில் தொட்டியில் நிற்கும் சிவப்புப் பூவைத் தருவார்கள். அது தென்னாப்பிரிக்காவின் பெலர்கோனியம். 1789இலேயே தாவரவியலாளர்கள் அதைத் தனிப் பேரினமாக, அதாவது வேறொரு செடித் தொகுதியாக, பிரித்துவிட்டார்கள், மக்கள் வாயில் பழைய பெயரே நின்றுவிட்டது. இந்த மண்ணுக்கு உரிய ஜெரேனியம் மாக்குலாட்டம் மேப்பிள் மர நிழலில் மே மாதம் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் பூத்து, ஆண்டாண்டாய்த் திரும்பி வரும் பல்லாண்டுச் செடி. பிளாக் ஐட் சூசன் என்ற பெயரும் அப்படித்தான். மேரிலாந்து மாநிலம் 1918இல் தன் பூவாகத் தேர்ந்தெடுத்த ருட்பெக்கியா ஹிர்ட்டாவுக்கும் அதே பெயர், கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த துன்பேர்கியா என்ற ஏறுகொடிக்கும் அதே பெயர். இந்த ருட்பெக்கியா ஹிர்ட்டாவும் நெடுநாள் வாழாது, இரண்டு மூன்று ஆண்டில் முடிந்து விதையால் திரும்ப வரும். நின்று வாழ வேண்டும் என்றால் ருட்பெக்கியா ஃபுல்கிடா என்று கேட்க வேண்டும்.

லூஸ்ஸ்ட்ரைஃப் என்ற பெயரைக் கேட்டாலே இங்கே தோட்டக்காரர்களுக்குக் கோபம் வரும், ஏனென்றால் லித்ரம் சலிக்காரியா என்ற ஐரோப்பியச் செடி அந்தப் பெயரில்தான் வந்து சதுப்பு நிலங்களை ஊதாவாக்கி விழுங்கியது. ஆனால் அதே பெயரில் லைசிமாக்கியா சிலியாட்டா என்ற இந்த மண்ணின் மஞ்சள் பூ ஒன்றும் இருக்கிறது, அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்தப் பூவில் தேன் கிடையாது, எண்ணெய் சுரக்கும். அந்த எண்ணெயைக் காலில் சேர்த்துக்கொண்டு போய் மண்ணுக்குள் கூட்டுக்குப் பூசி, மகரந்தத்தோடு பிசைந்து குஞ்சுக்கு ஊட்டும் மக்ரோபிஸ் என்ற தேனீக்கள் இருக்கின்றன. அந்தப் பூக்கள் இல்லையென்றால் அந்தத் தேனீ இல்லை. பெயரைக் கேட்டுப் பிடுங்கினால் அதுவும் சேர்ந்து போகும்.

கையைச் சுடும் செடி ஒன்றும் இதில் இருக்கிறது. வைல்ட் பார்ஸ்னிப், பாஸ்டினாக்கா சட்டைவா, அதன் சாறு தோலில் பட்டு மேலே வெயிலும் பட்டால் நெருப்புக் காயம் போலக் கொப்பளிக்கும். அது மஞ்சள் குடைப் பூ. அதற்குப் பயந்து சிசியா ஓரியா என்ற, எந்தக் கெடுதியும் இல்லாத இந்த ஊர் மஞ்சள் குடைப் பூவையும் வெட்டித் தள்ளுகிறார்கள். சிசியா மே, ஜூனில் பூக்கும், இடுப்பளவைத் தாண்டாது. மற்றது பெரும்பாலும் அதற்குப் பிந்திப் பூத்து ஆளுயரத்துக்குப் போகும். சந்தேகம் இருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், ஆனால் படத்தோடும் பெயரோடும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

மருந்து போலத் தோன்றும் பெயர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். வைட் ஸ்னேக்ரூட் என்றால் பாம்புக் கடிக்கு வேர் என்று தோன்றும். அகெராட்டினா அல்டிசிமா என்ற அந்தச் செடியைத் தின்ற மாட்டின் பாலைக் குடித்து 19ஆம் நூற்றாண்டில் குடியேறிகள் ஏராளமானோர் இறந்தார்கள். ஆபிரகாம் லிங்கனின் தாய் நான்சி 1818இல் இறந்ததும் அந்தப் பால் நோயால்தான் என்று சொல்லப்படுகிறது. பிளட்ரூட்டும் அப்படி, வேரை முறித்தால் செந்நிறச் சாறு வரும் என்பதால் இரத்தச் சுத்திக்கு நல்லது என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். அந்தச் சாறு தசையை அரிக்கும். சாங்குவினாரியா கனடென்சிஸ் என்ற அந்தப் பூவை ஏப்ரலில் கண்ணால் பார்ப்பதே போதும், ஒற்றை இலை தண்டைச் சுற்றிப் போர்த்தியபடி வெள்ளை மொட்டு மேலே வரும், இதழ்கள் சில நாட்களில் உதிர்ந்துவிடும். அதன் விதையில் கொழுப்பான ஒரு சின்ன ஒட்டுப்பகுதி உண்டு, எறும்புகள் அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துப்போய், தின்றுவிட்டு விதையை அங்கேயே போட்டுவிடும். நம் மாகாணத்தின் பூவான டிரில்லியமும் எறும்பை நம்பித்தான் இருக்கிறது. 1937இல் அதை ஒன்ராறியோவின் சின்னமாக்கினார்கள். விதை முளைக்கவே இரண்டு குளிர்காலம் வேண்டும், முதல் பூவுக்கு ஏழு ஆண்டு, சில வேளை அதற்கும் மேல். பூவைப் பறித்தால் மூன்று இலையும் கூடவே வந்துவிடும், கிழங்குக்கு அந்த ஆண்டு உணவே இல்லை. பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போகிறவர்கள் படம் மட்டும் எடுங்கள்.

இவ்வளவும் சொன்னதால் புழக்கப் பெயர்களை ஒழிக்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அவற்றில் மனிதர்கள் இருக்கிறார்கள். ஜோ பை வீட் என்று ஆளுயரத்தில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் யூட்ரோக்கியம், ஜோ பை என்ற மருத்துவரின் பெயரால் வந்தது என்று நீண்ட காலம் வாய்வழியாகச் சொல்லிவந்தார்கள், அப்படி ஒருவர் இருந்தாரா என்றே பலர் சந்தேகப்பட்டார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வு அவர் 18ஆம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸின் ஸ்டொக்பிரிட்ஜில் வாழ்ந்த மொஹிகன் தலைவர் ஜோசப் ஷாக்வெத்க்வீட் என்று காட்டியது. ஒஸ்வேகோ டீ என்ற மொனார்டா டிடிமா, நியூயோர்க் மாநிலத்து ஒஸ்வேகோ பகுதிப் பழங்குடியினர் காய்ச்சிக் குடித்த இலை, பிரித்தானிய வரியை எதிர்த்துப் பொஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டியபின் குடியேறிகளும் அதைக் குடித்தார்கள். பழங்குடியினர் எத்தனையோ நூற்றாண்டுகளாக இந்தச் செடிகளுக்குத் தங்கள் மொழிகளில் பெயர் வைத்துப் பயன்படுத்திவந்தவர்கள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். இந்தியன் பெயின்ட்பிரஷ், இந்தியன் பைப் என்ற பெயர்களில் உள்ள இந்தியன் அவர்களைக் குறிப்பதுதான், அவை இந்தியாவிலிருந்து வந்தவை என்று நம்மிடையே சிலர் நினைப்பது சரியல்ல.

இந்தத் தாவரவியல் பெயரும் மாறுகிறதே என்று சிலர் கேட்பார்கள். மாறுகிறது. ஒக்டோபரில் ஊதாவாகப் பூக்கும் நியூ இங்கிலாந்து ஆஸ்டர் இப்போது சிம்பியோட்ரிக்கம் என்ற பேரினத்தில் இருக்கிறது. பெயரிலேயே பிழை உள்ளவையும் உண்டு, சிரியாக்கா என்ற மில்க்வீட் சிரியாவைப் பார்த்ததே இல்லை, அந்த நாட்டிலிருந்து வந்தது என்று தவறாக நினைத்து வைத்த பெயர் அது. ஆனால் பழைய பெயரைத் தேடினாலும் புதிய பெயருக்குப் போய்ச் சேரும் வழி இருக்கிறது, ஒரு பெயர் ஒரு செடியைத்தான் காட்டும், கனடாவிலும் அமெரிக்காவிலும் மெக்சிக்கோவிலும் அதே பெயர்தான். வயதானவர்களுக்கு இந்தப் பெயர்கள் வாயில் நுழையாது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். மெட்ஃபோமின், அட்டோவாஸ்டட்டின், லெவோதைரொக்சின் என்று எங்கள் அம்மாமாரும் அப்பாமாரும் பிழையில்லாமல் சொல்கிறார்கள், மருந்து மாறிவிடக்கூடாது என்பதற்காகப் படித்துக்கொண்டார்கள். அஸ்க்லீபியஸ் அதைவிடக் கடினமில்லை.

நடைமுறையில் நான் கேட்பது இதுதான். தோட்டப் பக்கத்தில் ஒரு செடியின் பெயர் முதல் தடவை வரும்போது தாவரவியல் பெயரைச் சேருங்கள், அது இந்த மண்ணுக்கு உரியதா வெளியிலிருந்து வந்ததா என்பதை ஒரு சொல்லில் சொல்லுங்கள், மில்க்வீட், கோல்டன்ரொட் இரண்டுக்கும் ஒரு திருத்தம் போடுங்கள். அந்தத் திருத்தத்தை இலையுதிர் காலத்துக்கு முன்னால் போட்டால் நல்லது, ஏனென்றால் இந்தப் பல்லாண்டுப் பூக்களில் பெரும்பாலானவற்றின் விதை ஈரக்குளிரில் சில வாரங்கள் கிடந்தால்தான் முளைக்கும். ஒக்டோபர் கடைசியில், அல்லது நவம்பரில் மண் உறைவதற்கு முன், மேலாகத் தூவி லேசாக அழுத்திவிட்டால் மிச்ச வேலையைப் பனி பார்த்துக்கொள்ளும். முதல் ஆண்டு பூ வராது, செடி வேர்தான் விடும், அதைக் கண்டு மனம் தளர்ந்து பிடுங்கிவிடக்கூடாது என்பதையும் எழுதுங்கள். விதை கிடைக்கும் இடம் கேட்பார்கள். குளிர்கால முடிவில் பல ஊர்களில் சீடி சட்டர்டே என்ற விதைப் பரிமாற்றச் சந்தை நடக்கிறது, ரொறன்ரோவைத் தலைமையிடமாகக் கொண்ட வட அமெரிக்க உள்நாட்டுத் தாவரச் சங்கம் வசந்தத்தில் செடி விற்கிறது. அந்த நாட்களை உங்கள் நிகழ்ச்சிப் பகுதியில் போட்டால் நம்மவர்கள் கட்டாயம் போவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஸ்காபரோ, ஒன்ராறியோ